சினிமாவுக்கும் பாடு

பழவேற்காடு
3.5.2015

என் ஆசை மச்சான் லோகநாதனுக்கு,

மாமன் நீலமேகம் சொல்லச் சொல்ல உங்கக்கா வேலம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சொகம். நீ காட்டுப்பள்ளி துறைமுகத்து வேலைக்குப் போனதுலேர்ந்து போன் பண்ணா எடுக்க மாட்டேன்ற. அதான் உன்கூட வேலை செய்யிற சாலமன் கையில காயிதம் குடுத்து வுடுறேன்.

சேதி இன்னான்னா, ஒல்லாந்தர் கல்லறைக்குப் பக்கத்துல கலைக்கூடம் கட்டிக்கீறாங்களே, அங்க இந்த மாசம் சனிக்கிழமைக்கு ஒரு படம். பொழுது சாஞ்சதும் ரெண்டு கழி நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் போடுறாங்க. டிக்கெட் கெடையாது. மொதப் படத்துல ஒருத்தன் தொலைஞ்ச ஆட்டைத் தேடி மலை மேல ஏறுறான். ஏறுறான், ஏறிக்கினே கீறான். நம்ம ராஜேந்திரன் எழுந்து, "யோவ், ஆடு கீழ கீதுய்யா!"ன்னு கத்துறான். அந்த ராஜேந்திரன் கல்யாணத்தப்போ இன்னா ஆச்சு தெரியுமா, அவன் பொண்டாட்டி ருக்கு மணவறையிலயே...

(வழி மாறிப் போறாரு. நிறுத்திட்டேன். – அக்கா)

சரி. முன்னாடி எடத்துக்கு ஒரே அடிதடி. ஊர்ப் பெரியவரு வடிவேலு பார்த்தாரு. "ஏரியில யாரு எங்க வலை போடுறதுன்னு சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிச்சிக்கிறோம் இல்ல? குந்துறதுக்கும் அதே மாரி பிரிச்சிக்கலாம்"னுட்டாரு. பாடுல பேர் இருக்கிற வூட்டுக்கு ஒரு பாய் எடம். கலைக்கூடத்துப் பொண்ணு, "எங்க வேணா உக்காரலாமே சார்"னு சொல்லிப் பார்த்துச்சு. யாரு கேக்குறா?

துறைமுகத்துக்குப் போனவன் பேரப் பாடுலேர்ந்து எடுத்துட்டாங்க இல்ல, அதனால உனக்குச் சீட்டு இல்ல. எனக்கு மனசு ஆறல மச்சான். எனக்கு மூணாவது வரிசை வுழுந்துச்சு. நீ வந்து அதுல குந்து. நான் நின்னுக்குறேன்.

(வாடா. – அக்கா)

இப்படிக்கு
உன் மாமன் நீலமேகம்


காட்டுப்பள்ளி
6.5.2015

அன்புள்ள மாமாவுக்கு,

லோகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. அக்கா கொடுத்தனுப்பிய கருவாடு கிடைத்தது. அறையில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே பாதியைத் தின்றுவிட்டார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் வரவில்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன். ஊரைப் பகைத்துக்கொண்டு வரவில்லை. பேரை எடுத்த அன்று கூட்டத்தில் ஒருவர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. இப்போது உங்கள் பாயில் நான் உட்கார்ந்தால், எல்லார் கண்ணும் படத்தை விட்டுவிட்டு என் முதுகில்தான் இருக்கும். எனக்கென்று இடம் இல்லாத ஊரில், இன்னொருவர் இடத்தை வாங்கிக்கொண்டு உட்கார மனம் வரவில்லை.

அக்காவை அழவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
லோகநாதன்


பழவேற்காடு
17.5.2015

என் ரோஷக்கார மச்சானுக்கு,

உன் காயிதத்தப் படிச்சிட்டு உங்கக்கா அடுப்பாண்ட போய்க் குந்திக்கினா. வெங்காயம் உரிச்சாளாம். அன்னிக்குக் கொழம்புல வெங்காயமே இல்ல.

(இருந்துச்சு. – அக்கா)

நேரா வடிவேலு வூட்டுக்குப் போனேன். "படம் பாக்குறதுக்குக் கூடவா பாடுல பேர் இருக்கணும்?"னேன்.

"இன்னிக்குப் பாய் போட வுட்டா, நாளைக்கு வலை போட வருவான் நீலமேகம்."

"அவன் இன்னா வலையா கேக்குறான்? அந்த ஆட்டைப் பாத்துட்டுப் போவட்டுமே!"

"ஆட்டுப் படம் முடிஞ்சிபோச்சு. இப்ப வேற படம்"ங்கிறாரு. இன்னா பேச்சு பாரு!

வந்த கோவத்துல நேத்து என் பாயைச் சுருட்டிக்கினு, ஏரி ஓரமா, துணிக்குப் பின்னாடி போய்க் குந்திட்டேன். மச்சான், படம் அங்கயும் தெரியுது! படத்துல எல்லாரும் இடக்கையால சாப்புடுறாங்க, அவ்ளோதான். கீழ ஓடுற எழுத்து திரும்பிக்கினு கீது. நேரா இருந்தா மட்டும் நான் படிச்சிக் கிழிச்சிடுவேனா? காத்து வேற சிலுசிலுன்னு வருது. கொஞ்ச நேரத்துல உங்கக்கா வந்தா. ராஜேந்திரன் கத்துறது தாங்கலன்னு ருக்கு வந்தா. அவ இல்லாம பயந்துக்கினு ராஜேந்திரனும் வந்துட்டான்.

அந்தப் பக்கத்துக்கு வடிவேலு பாடு பிரிக்கல மச்சான். அங்க யாரும் உனக்கு எடம் குடுக்க வேணாம், நீயும் வாங்க வேணாம். வர்ற சனிக்கிழமை கடைசிப் படம்.

(பாய் நான் கொண்டாறேன். – அக்கா)

இப்படிக்கு
நீலமேகம்


காட்டுப்பள்ளி
24.5.2015

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். என்னைக் கூப்பிட வந்த சாலமன் உடனே வண்டியைக் கிளப்பிவிட்டதால் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. துணிக்குப் பின்னால் நாலைந்து பேர் இருப்பீர்கள் என்று நினைத்து வந்தேன். பாதிக் குப்பம் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. "தலையை மறைக்காதே" என்றுதான் திட்டினார்கள். அது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது, தெரியுமா?

படம் முடியப்போகும் நேரத்தில் நீங்கள் இருவரும் டீ வாங்கப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். வடிவேலு பெரியப்பா முன்பக்கத்திலிருந்து துணியைச் சுற்றி நம் பக்கம் வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்தாண்ட காத்து நல்லாக்கீதே" என்றார்.

"ஆமா பெரியப்பா."

"அப்புறம் இன்னா நின்னுக்கினு? தள்ளிக் குந்து."

தள்ளி உட்கார்ந்தேன். அதே பாயில் உட்கார்ந்தார். படம் முடியும்வரை பார்த்தார். எழும்போது முட்டி பிடித்துக்கொண்டதால் என் தோளை அழுத்திப் பிடித்து எழுந்தார். எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

பாடில் என் பேர் திரும்ப வராது, மாமா. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என்ன படம் என்று சாலமன் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இனிமேல் படம் இல்லையாமே. இருக்கட்டும். வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
லோகு