ராஜமேரி டீச்சரின் மாதிரிப் பாடம்

மதுரை, 12.8.1986

அன்புள்ள இன்னாசியம்மாளுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஓய்வு பெற்றும் வீட்டில் உன்னோடு இருக்காமல், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பட்டப் படிப்புக்குப் பாடம் சொல்ல வந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்! நேற்று நடந்ததைக் கேள். மாதிரிப் பாடத் தேர்வில் நம் பாலக்கோட்டு ராஜமேரி டீச்சர் மூன்றாம் வகுப்புக் கணக்கு நடத்தினார். பாதியில் காலி பெஞ்சைப் பார்த்து, "ஒண்ணாவது புள்ளைங்களா, பேசாம எழுதுங்க" என்று அதட்டினார்.

"அங்கே யாரும்மா இருக்காங்க?" என்று தேர்வை மேற்பார்வையிட வந்த எங்கள் பேராசிரியர் சீறினார்.

"அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்திதானுங்க சார். பழக்கமாப் போச்சுங்க."

மதிப்பெண் போடும் என்னிடம் டீச்சருக்குப் பெயில் போடச் சொன்னார் பேராசிரியர். போட்டால் டீச்சருக்குப் பட்டமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. மறுத்துவிட்டேன். "யோசித்து நாளை சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன்" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது?

சீயக்காய்ப் பொடி அனுப்ப வேண்டாம். பொம்மிடி ஸ்டேஷனில் நானே வந்து இறங்கினாலும் இறங்குவேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

சின்னப்பராஜ்