வெள்ளிக்கிழமைக்கு ஒரு பெயர்

நஸ்ரத்பூர், மாளவம்
ஹிஜ்ரி 1131, ஜமாதுல் அவ்வல்

மரியாதைக்குரிய அண்ணன் அஸ்கரி பேக் அவர்களுக்குத் தங்கை மாஹ்பானு ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சானும் நலம். டில்லியில் நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, இங்கே ஒருவருக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பாதுஷாவை அரியணையிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டுவிட்டார்களாம். வேறோர் இளவரசரை ஏற்றிவிட்டார்களாம். அதுவும் தெற்கே போகிற குதிரை வியாபாரி ஒருவன் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. அதற்குள் உங்கள் மச்சான் வெள்ளிக்கிழமை தவறாமல் பள்ளிவாசல் மிம்பர் மேடையில் ஏறி, குத்பா உரையில் பழையவர் பெயரையே வாசித்து, அவர் ஆட்சி நிலைக்க வேண்டும் என்று துஆ கேட்டு, ஊரே ஆமீன் சொல்லியாயிற்று.

யார் பெயரை வாசிக்கிறோமோ அவருக்கு இந்த ஊர் அடங்கியது என்று பொருள். தவறான பெயரை வாசித்தால் அது ராஜத்துரோகம். இந்த வட்டாரத்தை ஆளுகிற பவுஜ்தார் இவரைக் கோட்டைக்குக் கூப்பிட்டனுப்பி, சர்பத்தும் கொடுத்து, "மௌலவி சாப், உங்க நாக்குதான் இந்த ஊருக்கு முத்திரை. பாத்துப் பேசுங்க" என்றாராம். சர்பத்தைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாராம்.

நீங்கள் தர்பாரில் பெரிய அமீர் ஒருவரிடம் எழுத்தராக இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாததா? புதியவரின் பெயரையும் பட்டங்களையும் முழுதாக எழுதி அனுப்புங்கள். பெருநாளுக்குப் பெருநாள் நாலு வரி எழுதுகிற சோம்பேறித்தனத்தை இந்த ஒரு முறை மூட்டை கட்டி வையுங்கள். உங்கள் மச்சானின் தலை எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
மாஹ்பானு


நஸ்ரத்பூர்
ஷஃபான் மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் எழுதிய பெயரை உங்கள் மச்சான் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தார். பவுஜ்தார் மகிழ்ந்து சால்வை அனுப்பினார். "எங்கள் அமீருக்கு இப்போது நேரம் சரியில்லை" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். அமீர்களுக்கு எப்போதுதான் நேரம் சரியாக இருந்தது என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சால்வையை மடித்து வைப்பதற்குள் உங்கள் புதிய பாதுஷாவும் நோயில் போய்விட்டார் என்கிறார்கள். அவருடைய அண்ணனை ஏற்றியிருக்கிறார்களாம். அது போதாதென்று ஆக்ராக் கோட்டையில் வேறு கூட்டம் வேறோர் இளவரசரைப் பாதுஷா என்று அறிவித்துவிட்டதாம். ஆக்ராவிலிருந்து வருகிறவன் ஒரு பெயர் சொல்கிறான், டில்லியிலிருந்து வருகிறவன் இன்னொரு பெயர் சொல்கிறான். இரண்டையும் இங்கே எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. வழியில் இதை யார் பிரிப்பார்களோ.

அஞ்சல் ஓட்டக்காரர்கள் சம்பளம் வராமல் சாவடிகளைவிட்டே போய்விட்டார்கள். மராட்டியக் குதிரைகள் நர்மதையைத் தாண்டி வந்து வரி வாங்கிக்கொண்டு போகின்றன. அவர்களைத் தடுக்க வேண்டிய நம் சிப்பாய்களில் பாதிப்பேர் குதிரையை விற்றுச் சாப்பிட்டாயிற்று. இந்த லட்சணத்தில் எந்தப் பெயர் சரி என்று யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலை ஒட்டிய எங்கள் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாதுஷாவின் பெயர் வருகிற இடத்தில் உங்கள் மச்சானுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, நெஞ்சே பிய்ந்து வருகிற மாதிரி. அடங்கியபோது பெயரைத் தாண்டி அடுத்த வரியில் இருந்தார். வீட்டுக்கு வந்தபின் ஒரு செருமல்கூட இல்லை. இருமல் எங்கே போனது என்று கேட்டேன். "அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வெச்சிருக்கேன். நீ பேசாம ரொட்டியப் போடு" என்றார்.

சொன்னபடியே அடுத்த வெள்ளிக்கிழமையும் இருமினார். ஊரே இஞ்சியும் தேனும் அதிமதுரமுமாக வீட்டில் கொண்டுவந்து குவித்துவிட்டது. ஊர் நடப்பை அரண்மனைக்கு எழுதி அனுப்புகிற லுத்ஃபுல்லா வந்து, "இருமினார்னு எழுதிரவா?" என்று இவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். பவுஜ்தார் ஒருபடி மேலே போய், வருகிற வெள்ளிக்கிழமை தன் ஹக்கீமை முன்வரிசையில் உட்கார வைப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இருமல் வந்தால் அங்கேயே வைத்தியம் பார்த்துவிடுவாராம்.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் இது விளையாட்டு இல்லை. பக்கத்து ஊரில் குத்பா ஓதும் கதீப் ஆக்ராப் பெயரை வாசித்தார் என்று மிம்பரிலிருந்தே இழுத்துப்போனார்கள். இன்னும் வீடு திரும்பவில்லை. அவர் மனைவி வாசலைவிட்டு எழுந்திருப்பதில்லையாம். அண்ணா, நீங்கள் எழுதும் பெயரைத்தான் இவர் வாசிப்பார். சீக்கிரம் எழுதுங்கள்.

மாஹ்பானு


நஸ்ரத்பூர்
ஷவ்வால் மாதம்

அன்பு அண்ணனுக்கு,

ஸலாம். போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹக்கீம் வந்து உட்காருவதாக இருந்த அந்த வாரம் பவுஜ்தாரின் பீபி ஒரு தட்டு அல்வாவோடு வந்தார். அந்தம்மா எங்கள் படி ஏறியது அதுதான் முதல் தடவை. துணி விலை, வெயில், பல்வலி என்று சுற்றிவளைத்துவிட்டு, "உங்க அண்ணன் டில்லியிலேருந்து ஏதாச்சும் எழுதினாரா?" என்று கேட்டார். மறுநாள் லுத்ஃபுல்லா வந்து முற்றத்தில் நின்றுகொண்டு அதையே கேட்டார். அரண்மனை ஆள் நீங்களே என்னிடம் கேட்டால் எப்படி என்றேன். "இந்த ஊர்ச் சேதிய நான் அரண்மனைக்கு எழுதறேன். அரண்மனைச் சேதிய எனக்கு எழுத ஆளில்லம்மா" என்றார். எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை இவர் இருமவில்லை. பெயர் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு, "யா அல்லாஹ், எங்கள் பாதுஷாவைக் காப்பாற்று. அவர் யாரென்று நீ அறிவாய்" என்றார். மாடியிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். முதலில் ஆமீன் என்று கத்தியது யார் தெரியுமா? பவுஜ்தார்தான். அதன்பின் ஹக்கீமும் லுத்ஃபுல்லாவும் ஊரும் ஆமீன் சொன்னார்கள். நோன்பு மாதம் முழுக்க அந்த ஒரு துஆதான் எங்களைக் காப்பாற்றியது.

பெருநாளுக்கு முன் டில்லியிலிருந்து குதிரைவீரன் ஒருவன் அரசாணையான ஃபர்மானோடு வந்தான். ஆக்ராக் கோட்டை விழுந்துவிட்டது, டில்லிக்காரர் பெயர்தான் பெயர். பவுஜ்தார் ஊர் எல்லைவரை நடந்தே போய் அதைத் தலையில் வைத்து வாங்கிவந்தார். பெருநாள் குத்பாவில் உங்கள் மச்சான் அந்தப் பெயரைக் கணீரென்று வாசித்தார். தலை தப்பியது. இந்தப் பாதுஷாவுக்கும் உடம்பு சரியில்லை என்று நேற்றிலிருந்தே சிலர் முணுமுணுக்கிறார்கள். யாராவது இருக்கட்டும், யாராவது போகட்டும். இனி அந்தப் பெயரை உங்களிடம் கேட்கமாட்டேன்.

அந்தக் குதிரைவீரனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. உங்கள் அமீரைப் பற்றித் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். குனிந்த தலை நிமிராமல், அவர் மாளிகைக்கு முத்திரை வைத்து மழைக்கு முன்பே பூட்டிவிட்டார்கள், அங்கே வேலை பார்த்த எழுத்தர்கள் என்ன ஆனார்கள் என்று தனக்குத் தெரியாது என்றான். இன்னொரு ரொட்டி அனுப்பினேன். வேண்டாமென்று எழுந்து கை கழுவிவிட்டான்.

இந்தக் கடிதத்தை எந்த வீட்டுக்கு அனுப்புவதென்றே தெரியவில்லை. அண்ணியின் தாய்வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன்.

நாளை ஜும்ஆத் தொழுகையில் இவர் உங்களுக்காகவும் துஆ கேட்கப்போகிறார். உயிரோடிருப்பவர்களுக்கான துஆவில் உங்கள் பெயரைச் சொல்வதா, மறைந்தவர்களுக்கான துஆவில் சொல்வதா என்று சற்றுமுன் என்னிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். நான்தான் கையிலிருந்த பாத்திரத்தை எறிந்து சண்டை போட்டேன். உயிரோடிருப்பவர்களுக்கான துஆவில்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். நாளை அதற்கு இந்த ஊரே ஆமீன் சொல்லும்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள் அண்ணா.

உங்கள் ஆயுளுக்காகக் கையேந்தி நிற்கும் தங்கை,
மாஹ்பானு