மூடியில் நின்ற வெண்ணெய்

அவிநாசி,
பிப்ரவரி 6, 2025

அன்புள்ள அபிராமிக்கு,

நலம்தானே? தர்ஷினிக்குப் பரீட்சை நெருங்கியிருக்கும். எட்டுத் தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவே இல்லை. சாத்தூர்ப் பக்கம் டவர் இல்லையா, இல்லை என் மேல் கோபமா? அதனால்தான் பேப்பரை எடுத்தேன். ஹாஸ்டலில் இருந்து ஊருக்கு லெட்டர் போட்ட பிறகு பேனா பிடிப்பது இப்போதுதான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் முன்னாடியே வந்து எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தாய். கன்ட்ரி ஸ்டைல் என்று சொல்லி டிசைனர், சமையலறையின் புது மரத்தையெல்லாம் தேய்த்துப் பழசாக்கியிருந்ததைப் பார்த்து, "இந்த மேசைக்கு அடியில எங்க ஊர்ல கோழியக்கூட அடைக்க மாட்டோம்டி" என்றாயே, நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

ஒரு சிக்கல். நம் பனியனை வாங்கும் டென்மார்க் அம்மா முன்னமே பரிசாகக் கொடுத்த பீங்கான் வெண்ணெய் ஜாடி இருக்கிறதே, மூடியோடு ஒட்டிய கிண்ணத்தில் வெண்ணெயை அடைத்துத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைப்பது, அதில் நீ வைத்தது ஒரு வாரம் அசையாமல் நின்றது. நான் வைத்தால் மறுநாளே விழுந்து மிதக்கிறது. அந்த அம்மா இருபத்தெட்டாம் தேதி மறுபடி வருகிறார். நானே செய்தேன் என்று விசேஷத்தன்று அவசரத்தில் சொல்லிவிட்டேனா, இப்போது செய்துகாட்டச் சொல்வார்.

அன்றைக்குக் கூட்டத்தில் என்னென்னவோ ஆகிவிட்டது. நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. எப்படி என்று உடனே எழுது.

அன்புடன்,
சித்ரா


சாத்தூர்,
பிப்ரவரி 13, 2025

மதிப்பிற்குரிய சித்ராதேவி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வெண்ணெயில் மோர்த்தண்ணீர் தங்கினால் விழத்தான் செய்யும். குளிர்ந்த தண்ணீரில் நாலைந்து தடவை அலசுங்கள். மரக்கரண்டியால் அழுத்திச் சொட்டு ஈரம் இல்லாமல் எடுத்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, இடைவெளி விடாமல் கிண்ணத்தில் அடையுங்கள். ஜாடித் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அவ்வளவுதான்.

போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. அந்த ஜாடியை நான் கொண்டுவந்து வைத்தபோது, இது யார் என்று அந்த அம்மா கேட்டார். சமையல் வேலைக்கு வந்த பெண் என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். ஹாஸ்டலில் ஒரே புத்தகத்தை வைத்துத்தானே இரண்டு பேரும் படித்தோம்?

அதைக்கூட விட்டுவிட்டேன். சாயங்காலம் உறவுக்காரப் பெண்களை உள்ளே உட்காரவைத்துக் குங்குமம் கொடுத்து, சேலை கொடுத்தீர்கள். கம்பெனி ஆட்களுக்கு வாசலில் வரிசை, ஆளுக்கொரு டீ-ஷர்ட்டும் லட்டும். அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காக என்னையும் அந்த வரிசைக்குப் போகச் சொன்னீர்கள். என் மகள் தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள்.

பஸ்ஸில் வரும்போது, "அம்மா, பெரியம்மா வீட்ல நீ வேலைக்காரியா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அவளுக்கு எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
அபிராமி


அவிநாசி,
பிப்ரவரி 20, 2025

தர்ஷினிக் கண்ணுக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஆறாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுத உட்கார்ந்தால் சாக்குச் சொல்ல வழியில்லை.

உன் அம்மா எங்கள் வீட்டு வேலைக்காரி இல்லை. என் சிநேகிதி. நாலு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஹாஸ்டலில் தங்கி, தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கிற மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். எனக்குக் காய்ச்சல் என்றால் என் பங்கையும் அவளே பார்த்து முடித்து, சூப்பர்வைசரிடம் நான் திட்டு வாங்காமல் காப்பாற்றுவாள். அப்புறம் நான் அந்தக் கம்பெனி முதலாளியின் மகனையே கல்யாணம் செய்துகொண்டேன்.

அந்த வெளிநாட்டு அம்மாவிடம் நான் பெரிய இடத்துப் பெண் என்று சொல்லிவைத்திருந்தேன். உன் அம்மாவைச் சிநேகிதி என்றால் எப்படிப் பழக்கம் என்று கேட்பார். நானும் கூலிக்கு நின்றவள் என்று தெரிந்துவிடுமே என்று பயந்தேன். என்னை மறைத்துக்கொள்ள உன் அம்மாவை வேலைக்காரி ஆக்கினேன். அதை நிஜம் போலக் காட்ட வாசலுக்கும் அனுப்பினேன். அவளுக்கென்று எடுத்த பச்சைப் பட்டு அப்போது உள்ளே பீரோவில் இருந்தது.

எல்லார் முன்னாலும் உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. எனக்காகப் போய் நின்றாள். வரிசையில் நின்றது அவளுக்குக் கேவலம் இல்லை கண்ணு, நிற்கச் சொன்ன எனக்குத்தான் கேவலம். அந்தப் பொட்டலத்தை நீட்டும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. எதிரே நீ நின்றதும் எனக்குத் தெரியவில்லை.

உண்மையை நேற்று அந்த அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டேன். அதனாலென்ன, நானும் ஒரு காலத்தில் பேக்கரியில் வேலை பார்த்தவள்தான் என்றார். இதற்காகவா இத்தனையும் செய்தேன் என்று அழுதேன்.

இனிமேல் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடலாமா என்று அம்மாவைக் கேட்காதே. கூப்பிடு என்றுதான் அவள் சொல்வாள். நீயே யோசித்து முடிவு செய்.

இப்படிக்கு,
சித்ராதேவி