பானெட்டில் நிற்காத பொட்டு

1944, ஆவணி, வெள்ளி இரவு

பட்டாளத்திலிருந்து மகன் தாமு வந்தால் ஓட்டட்டும் என்றுதான் அந்தப் பழைய காரை வாங்கினேன். இன்று அதற்குப் பூஜை. வண்டி மங்கிக் கிடந்தது. சண்டைக் காலத்தில் கார் பாலிஷ் எங்கே கிடைக்கிறது? மேஜை நாற்காலிக்கு வைத்திருந்த பாலிஷையே எடுத்துத் தேய்த்தேன். முகம் தெரியும்படி பளபளத்தது.

மலையடிவாரக் கோயிலில் குருக்கள் பானெட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டு மெதுவாக வழுக்கி மண்ணில் விழுந்தது. மறுபடி வைத்தார். அதுவும் நிற்கவில்லை. தாமுவைப் பற்றித் தகவல் இல்லாதது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வீடு வந்ததும் மனைவி ராஜத்திடம் நானே பேச்செடுத்தேன்.

"பாலிஷ்ல எண்ணெய் இருக்குது. அதான் வழுக்கிக்கினு போச்சு" என்றேன்.

"ஆங்" என்றாள். சாப்பிடவில்லை.

சாயங்காலம் சீயக்காய் போட்டு பானெட்டைக் கழுவித் துடைத்தேன். நானே சந்தனம் குழைத்து வைத்தேன். நின்றது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க வச்சது நிக்குதுங்க. சாமி முன்னால வச்சது நிக்கலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பானெட் மட்டும் மங்கலாக, மற்ற இடமெல்லாம் பளபளவென்று வண்டி வாசலில் நிற்கிறது. மிச்சத்தையும் நாளைக்குக் கழுவ வேண்டும்.

இப்போதுதான் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பொட்டு இருக்கிறது.

இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுக்கலாம்.