குன்னூரில் வாங்கிய கோட்டு

என் கண்ணுக்கு,

குன்னூர் காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. குளிர் ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். இப்போது குணமாகிவிட்டது, அதனால்தான் உனக்குச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டாள். "யாருமில்லீங்க, நானேதான் வந்தனுங்க" என்றேன். அப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம்கூட இல்லை.

வரும் வழியில் மார்க்கெட் ஓரம் பழைய துணிக் குவியலைக் கிளறி ஒரு நீலக் கம்பளிக் கோட்டு எடுத்தேன். முழங்கையில் மட்டும் கிழிசல், தைத்துவிட்டேன். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"டீச்சராட்ட இருக்கீங்கக்கா! நீங்க இல்லாத மூணு நாளும் கொழம்ப வாயில வைக்க முடியலீங்க."

இங்கே என் குழம்பில் காரம் அதிகம் என்று யாரும் சொல்வதில்லை. மருமகள் பிரீத்தி நன்றாக இருக்கிறாளா? அவளிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கே வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். வார்டனிடம் தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறேன். உங்களோடு இரண்டு நாள் இருந்துவிட்டுக் குன்னூருக்கு, என் ஊருக்குத் திரும்பிவிடுவேன்.

உன்னை நினைக்காத நாளில்லாத,
அம்மா