வலது பக்கத்து ஸ்பிரிங்

துடியலூர்
20-1-1959

ராமாமணியின் தகப்பனாருக்கு, பங்காரம்மா நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பெண்ணும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரிக்க அங்கே ஆள் இருக்கிறபோது நான் வேறு எதற்குக் கேட்பது.

கார்டு கிடைத்தது. மூன்று வருஷம் கழித்து ஒரு கார்டு. அதிலும், சோபாவை லாரியில் ஏற்றி ஈரோட்டுக்கு அனுப்பு என்று இரண்டே வரி. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார், என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஏன், எங்களை விட்டுவிட்டு நீங்கள் போய்ச் சேர்ந்த கனகத்தின் வீட்டில் உட்கார ஒரு பலகைகூடக் கிடையாதா? சோபா புதுசாகிவிட்ட கதையை அங்கே மஞ்சள் மண்டிக்கு வந்த எங்கள் பக்கத்து வீட்டுக் கண்ணையா உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் வாய்க்கு ஏது பூட்டு.

மில்லில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் சீமைக்குப் போனபோது நீங்கள் ஏலத்தில் எடுத்த அதே சோபாதான். நீங்கள் போனபிறகு அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மாட்டுக்கொட்டகையில் தள்ளிவிட்டேன். கோழிகள் ஏறி முட்டையிட்டன. அவையாவது சுகமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வெளியே எடுத்ததற்குக் காரணம் உண்டு. சிங்காநல்லூர் வேங்கடசாமி தன் மகனுக்கு ராமாமணியைக் கேட்கிறார். பையனுக்கு மில்லில் ஃபிட்டர் வேலை. நல்ல இடம், அவளுக்கும் பிடித்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை உறுதி செய்ய வருகிறார்கள். நீங்கள் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்வதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். பெண்ணின் தகப்பனார் வாயால் ஒரு வார்த்தை கேட்டால்தான் தாம்பூலம் மாற்றுவோம் என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கோட்டைமேட்டிலிருந்து சோபா பழுதுபார்க்கிற ரசாக் பாய் வந்து வாசலிலேயே வேலை செய்தார். உப்புத்தாள் போட்டு வார்னிஷைத் தேய்த்தெடுத்தால் உள்ளே அருமையான தேக்கு. பிறகு துணியைக் கிழித்து, நாரை உதறிவிட்டு, ஸ்பிரிங்குகளைப் பார்த்தார். இடது பக்கம் எல்லாம் அமுங்கிக் கோணிப்போயிருந்தன. வலது பக்கம் ஒன்றுகூட அசங்கவில்லை. "ஏனுங்கம்மா, இந்தப் பக்கம் யாரும் உக்காந்ததே இல்லீங்களா? எல்லாம் புதுசாட்ட இருக்குதுங்களே" என்றார். விருந்தாளிக்கு ஒதுக்கிய பக்கம் என்று சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல? நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சோபா வந்த பிறகு நீங்கள் இங்கே இருந்த பத்து வருஷத்தில் ஒரு நாள், வா, உட்கார் என்று சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லை. உட்காரட்டுமா என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. அந்தப் பக்கம் மாற்றவே வேண்டியதில்லை என்று பாய் சொன்னதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

மேல்துணி ராமாமணி எடுத்தது. ரெக்சின் போதும், துடைக்கச் சுலபம் என்றேன். நாயனாவுக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று ஒரே பிடியாகப் பச்சை வெல்வெட் வாங்கிவந்தாள். நீங்கள் வருவதற்காகத்தான் இத்தனையும் நடக்கிறது என்று நினைக்கிறாள். உங்கள் கார்டை அவள் கண்ணில் படாமல் அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆகையால் ஒன்று சொல்கிறேன். சோபாவைத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கள். வந்தவர்களோடு உட்கார்ந்து, பெண்ணைத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் எதுவும் கேட்கமாட்டேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் மாட்டேன். சாயங்காலம் அவர்கள் பஸ் ஏறியதும் சோபாவை நீங்களே லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். பெற்ற பெண்ணுக்காக வராத மனுஷர் சோபாவுக்காகவாவது வருவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ராமாமணி பக்கத்தில் வந்து நிற்கிறாள். நாயனாவுக்கு என் நமஸ்காரத்தையும் சேர்த்து எழுதும்மா என்கிறாள். எழுதிவிட்டேன். அவளுக்கு உங்கள் ஆசீர்வாதத்தை மட்டும் தயவுசெய்து தபாலில் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பங்காரம்மா