அண்ணியின் கொழுக்கட்டைப் புல்

அண்ணி,

இன்று காலை வாசல் பெருக்கிவிட்டு வந்து பார்த்தால், புடவைக் கரை முழுக்க உங்கள் கொழுக்கட்டைப் புல்லின் விதை. பஞ்சு மாதிரி இருந்துகொண்டு முள்ளாய் ஒட்டிக்கொள்கிறது. இங்கே தலத்தெருவில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த குரோட்டன்ஸ் எல்லாம் துவண்டுவிட்டன. உங்கள் புல் மட்டும் கேட் ஓரத்தில் காய்ந்த கதிர்களோடு நிமிர்ந்து நிற்கிறது. விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வரிச்சிக்குடிக்கு வாழ வந்தபோது ஒரு துணி முடிச்சில் அந்த விதையையும் கொண்டுவந்தீர்கள். எங்கள் வீட்டில் புல் என்றால் களைதான். "புல்லப் புடுங்க ஆள் கெடைக்காம அலையிறோம், மருமவ நட்டு வைக்கிறா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நீங்களும் கூடச் சிரித்துவிட்டு, எதுவும் விளையாத வாசல் மணல்மேட்டில் தூவி, கையால் லேசாகத் தட்டிவிட்டீர்கள். முளைத்த கொஞ்ச நாள் மட்டும் தண்ணீர் தெளித்தீர்கள். அப்புறம் நான் குடத்தோடு போனால் தடுப்பீர்கள்.

"ஊத்திப் பழக்காத செல்வி. கீழ அதுவே தேடிக்கிரும்."

ஊதாவாகக் கதிர் வந்து, வெயில் ஏற ஏற வைக்கோல் நிறமாகும். சாயங்காலம் அதன் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பீர்கள். அழகுக்கு என்று ஒருத்தி புல் வளர்க்கிறாளே என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

மறு வருஷக் கோடையில் உங்களுக்கு வயிற்றில் ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். நீங்கள் திரும்பும்போது வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். மணல்மேட்டில் புல் சருகாகிக் கிடந்தது. எங்கள் ஊரில் காய்ந்தால் செத்தது என்றுதான் அர்த்தம். வேரோடு வெட்டிச் சாக்கில் அடைத்து மாட்டுக்குப் போட்டேன்.

"வாசலப் பாருங்க அண்ணி, எப்புடி இருக்குன்னு." நீங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பெருமையாகச் சொன்னேன்.

மணல்மேட்டையே பார்த்தீர்கள். "காஞ்சு கெடந்துச்சா?"

"செத்தே போச்சுங்க அண்ணி."

"அது சாகாது செல்வி. மழைக்குக் காத்துக்கிட்டிருக்கும்."

அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

மறுநாள்தான் அண்ணன் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் அப்பா இறந்து ஊர் வீடு கைமாறிவிட்டது, போய்ப் பார்க்க அங்கே யாரும் இல்லை, கடைசியாக அந்த வாசலைவிட்டு வரும்போது நீங்கள் உருவிக்கொண்டு வந்த விதை அது என்று. மாட்டுக்கொட்டகைக்கு ஓடினேன். சாக்கின் உள்பக்கம் இன்னும் கொஞ்சம் விதை ஒட்டியிருந்தது. ஒரு பகல் முழுக்கப் பிய்த்தெடுத்து, ஒரு கைப்பிடி சேர்த்து உங்களிடம் கொடுத்தேன். புது விதை உடனே முளைக்காது, கிடக்கட்டும் என்று டப்பாவில் போட்டு வைத்தீர்கள். திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த மழைக்கு அந்த விதையைத் தூவினீர்கள்; மணல்மேட்டில் அது மறுபடி வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்று, கார் பக்கத்தில் நின்று ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் திணித்தீர்கள். "அண்ணி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"ஒனக்குத்தான் குடுக்கணும். இனி நீ புடுங்க மாட்ட."

போன மாதம் வரிச்சிக்குடிக்குப் போயிருந்தேன். வண்டி நிறுத்துவதற்காக உங்கள் மகன் வாசல் முழுக்கச் சிமெண்ட் போட்டுவிட்டான். கோபம் வந்தது. கோபப்பட எனக்கென்ன யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். உங்கள் அப்பா வீட்டு வாசலில் அந்தப் புல் இன்னும் இருக்கிறதோ என்னவோ, எனக்குத் தெரியாது. நீங்கள் வாழ்ந்த வீட்டில் இப்போது இல்லை. பிடுங்கியவள் வாசலில்தான் இருக்கிறது, அண்ணி.